பதினொரு நாள் மூச்சு

பள்ளிக்கூட மாடிக் கருவியின் வரைபடத்தில், நேற்றுப் பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு ஒரு முள் குத்திட்டு நின்றது. கரியமில வாயு நானூற்றுச் சொச்சத்திலிருந்து இரண்டாயிரத்துக்கு எகிறி, இறங்கி, மறுபடி எகிறி, மறுபடி இறங்கியிருந்தது. வழக்கம்போலப் பக்கத்துக் கட்டத்தில் 'மூச்சு' என்று தட்டிவிட்டு அந்த நிமிடங்களை அழிக்கப் போனவள், விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நேற்று பஞ்சு சாருக்கு லீவு. அவளும் மாடிக்குப் போகவில்லை.

காற்றை அளக்கிற வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித் தருவதே மூச்சை அடக்கத்தான். கருவி அறைக்குள் இருக்கும். வெளிக்காற்றை இழுக்கிற குழாய் மட்டும் ஒரு தொப்பி மூடியோடு மொட்டைமாடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அருகே போய் ஒரு ஆள் மூச்சு விட்டால் போதும், எண் துள்ளிவிடும். எவ்வளவுதான் கவனமாக இருந்தாலும் ஃபில்டர் தாள் மாற்றும்போது ஒரு மூச்சாவது தப்பிப் போய்விடும். ஒரு நாள் இவள் மாடிகளில் ஏறினால் மறுநாள் பஞ்சு சார். தன் மூச்சைத் தானே அழிக்கக் கூடாது என்பது ஆபீஸ் விதி. ஏறியவரின் வரைபடத்தை மற்றவர்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்பது வருஷமாக ஒருவர் மூச்சை ஒருவர் அழித்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பம்புச் சத்தம் தாங்காமல் எந்நேரமும் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு திரிவதால் அவர் பஞ்சு சார். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நல்ல மனுஷன்தான். ஆனால் பள்ளிக்கூட மாடிச் சாவி இரண்டே இரண்டு, ஒன்று இவளிடம், இன்னொன்று அவரிடம். லீவு போட்ட மனுஷன் மாடிக்குப் போய் என்ன செய்துகொண்டிருந்தார்? வேறு யாருக்காவது சாவியைக் கொடுத்தாரா?

அவள் கீழே இருந்த இன்னொரு கோட்டைப் பார்த்தாள். தூசுக் கோடு. அதே பன்னிரண்டு நாற்பதுக்கு, கரியமில வாயு எகிறிய ஒவ்வொரு முறையும், தூசு தொப்பென்று விழுந்திருந்தது. குழாய் வாயில் ஈரத்துணியைச் சுற்றித் தூசைக் குறைத்துக் காட்டுகிற களவாணித்தனம் வேறெங்கோ நடந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாள். ஈரத்துணியே எதற்கு, காதிலிருந்து எடுத்த பஞ்சு போதாதா?

இது சும்மா விடுகிற விஷயமில்லை. அந்த ஊர் ஒரு கிண்ணம். மூன்று பக்கம் மலை, நாலாவது பக்கம் கடல். கோடையில் கடல்காற்று வந்து புகையை மலைமேல் ஏற்றி அப்பால் கொண்டுபோய்விடும், ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. குளிர்காலம் வந்தால் கதை மாறும். சாயங்காலமானதும் மலைச்சரிவிலிருந்து குளிர்ந்த காற்று வழிந்து இறங்கிக் கிண்ணத்தில் தேங்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். கீழே எரிகிற ஒவ்வொரு அடுப்பும், துறைமுகத்தில் உறுமுகிற ஒவ்வொரு லாரியும் விடுகிற புகைக்கு வெளியே போக வழியிருக்காது. ராத்திரி அது கடல் பக்கம் கொஞ்சம் நகரும். காலையில் கடல்காற்று அதையே திரும்பத் தள்ளிக்கொண்டு வரும். போனது, வந்தது, மறுபடி போனது என்று அதே காற்று. இந்த முறை மூடி விழுந்து பதினொரு நாள் ஆகிவிட்டது. பதினொரு நாளாக ஊர் முழுக்க ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவள் நினைத்தபோது, தன் மேசையருகே இருந்த ஜன்னலை எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

பள்ளிக்கூட மாடியின் தூசு எண் நூற்றைத் தாண்டினால் பிள்ளைகள் மதிய இடைவேளையில் வகுப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். நூற்றுக்குக் கீழே என்றால் மைதானத்துக்கு விடுவார்கள். அந்த எண்ணை அனுப்புகிறவள் இவள்தான். அந்த மைதானத்தில் ஓடுகிறவர்களில் ஒருத்தி இவள் மகள். எட்டு வயது; பிறந்ததிலிருந்து இளைப்பு, நெஞ்சில் விசில். ஒவ்வொரு குளிர்காலமும் ஆஸ்பத்திரியில் பாதி, கட்டிலில் பாதி என்று போகும். கப்பலில் வேலை பார்க்கிற அப்பாவுக்கு மகளின் இருமலைப் போனில் கேட்டே தேதி தெரியும் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். ராத்திரி அவள் தூங்கிய பிறகு முதுகில் காதை வைத்து விசில் கேட்காமல் இவளுக்குப் படுக்கப் பிடிக்காது.

இந்தப் பதினொரு நாளாக விசில் இல்லை. பஃப் மருந்து அலமாரியில் அப்படியே இருந்தது. முதல் நாள் நம்பவில்லை. மூன்றாம் நாள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரிடமாவது சொன்னால் கண்ணு பட்டுவிடும் என்று எதிர்வீட்டில் இருக்கிற தங்கையிடம்கூட வாய் திறக்காமல் இருந்தாள். கடைசியில் தங்கையே முந்திக்கொண்டு, தன் பையனும் இந்தக் குளிருக்கு ஒரு தும்மல்கூடப் போடவில்லை என்று பெருமை அடித்தாள்.

ஆனால் டாக்டர் எப்போதோ சொன்ன ஒன்று இப்போது மேசையில் உட்கார்ந்திருக்கும்போது ஞாபகம் வந்தது. விசில் கேட்டால் பயப்படாதீங்க, விசில் நின்னுபோச்சுன்னா ஓடி வாங்க என்று அவர் சொல்லியிருந்தார். காற்று போய்வந்தால்தான் விசில். முதுகில் காதை வைத்தபோது விசில் மட்டுமா கேட்கவில்லை, வேறு ஏதாவது கேட்டதா என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. பிள்ளை ஓடுகிறாள், சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள், இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

பஞ்சு சார் பத்து மணிக்கு வந்தார். நேற்று முழுக்கக் காது டாக்டரிடம் இருந்ததாகச் சொல்லிச் சீட்டை எடுத்துக் காட்டினார். கேட்காமலே காட்டியது அவள் சந்தேகத்தைக் கூட்டியது. வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். அவர் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை.

"ஏம்மா, இது நீ இல்லையா?"

"நானா? நீங்கன்னு நினைச்சுத்தான் சார் அழிச்சிட்டு இருக்கேன்."

"நான் உன்னுதுன்னு நினைச்சு அழிச்சிட்டு இருக்கேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உன் பொண்ணு அந்த ஸ்கூல்லதான படிக்கிறா. நீ ஏறுற நாளெல்லாம் அதே நேரத்துக்கு வருதே, பிள்ளைங்க விளையாடணும்னு துணிய கிணிய கட்டுறியோன்னு நினைச்சேன். வாய்விட்டுக் கேக்க மனசு வரல."

அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. அழித்ததையெல்லாம் இருவருமாகப் பழைய பதிவிலிருந்து திரும்ப எடுத்தார்கள். பதினொரு நாள், பதினொரு 'மூச்சு'. மூடி விழுந்த அன்றுதான் முதலாவது. பள்ளிக்கூட மாடியில் மட்டுமில்லை. காலை பத்துக்குத் துறைமுகக் கருவி, பன்னிரண்டு நாற்பதுக்குப் பள்ளிக்கூடம், மூன்று மணிக்கு மலைச்சரிவு. கடல்காற்று ஊருக்குள் ஏறி வருகிற அதே பாதையில், அதே வேகத்தில், ஏதோ ஒன்று ஒவ்வொரு குழாயின் அருகிலும் வந்து நின்று, இழுத்து, விட்டு, நகர்ந்திருந்தது. இழுக்கும்போது தூசோடு இழுக்கிறது. விடும்போது தூசு இல்லை. நெஞ்சுக்குள் போய்வந்த காற்று அப்படித்தான் இருக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

முதல் ஆறு நாள்தான் மலைச்சரிவு வரைக்கும் போயிருந்தது. ஏழாம் நாளிலிருந்து பள்ளிக்கூடத்தைத் தாண்டவேயில்லை. பன்னிரண்டு நாற்பதுக்குப் பிறகும், யாரும் கவனிக்காத சின்னச் சின்ன அலைகளாக அங்கேயே நின்றது. அங்கிருந்து போன பிறகு எந்தக் கருவியிலும் அது இல்லை. எத்தனை மணியோடு நிற்கிறது என்று அவள் கேட்டாள். அவர் விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார்.

"நாலு மணி. ஸ்கூல் விடுற நேரம்மா."

வானிலை ஆபீஸிலிருந்து காலையில் செய்தி வந்திருந்தது. இன்று சாயங்காலம் மலைக்கு அப்பாலிருந்து காற்று கிளம்பும், மூடி திறந்துவிடும், புகை மொத்தமும் கடலுக்குப் போய்விடும். பஞ்சு சார் அதைப் படித்துக் காட்டி, இன்னும் ஒரே பொழுதுதான் என்றார். அதுவரை பிள்ளைகளை வெளியே விடவேண்டாம் என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டார். என்ன காரணம் சொல்வது என்றாள் அவள். தூசு எண் தொண்ணூற்றி இரண்டு. எண் சுத்தமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கே அவள் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துகொண்டே, மீட்டர் மேடத்துக்குப் புண்ணியமாகப் போகட்டும், இந்த வருஷம் மொத்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு பிள்ளைகூட இருமவில்லை என்றார். அவர் சொல்லி முடித்துவிட்டு அவரே நாலு தடவை இருமினார்.

மாடிப்படியில் சுண்ணாம்பும் எலிப்புழுக்கையும் நாறின. மேலே ஏறினால் வானமே இல்லை. பால் கலங்கின மாதிரி ஒரு வெளுப்பு மலையின் பாதியை விழுங்கிக்கொண்டு நின்றது. கடல் இருக்க வேண்டிய இடத்தில் அதே வெளுப்பு, அதற்குள்ளிருந்து துறைமுகச் சங்கு எங்கோ தண்ணீருக்கடியில் ஊதுவதுபோல வந்துகொண்டிருந்தது. டீசல் வாடை, கரிப்புகை வாடை, ஈரச்சுவர் வாடை எல்லாம் ஒன்றாகத் தொண்டையில் ஒட்டின. குழாயில் துணி இல்லை. பஞ்சு இல்லை. தொப்பி மூடி சுத்தமாக, காய்ந்து, குளிர்ந்து இருந்தது. கைமீட்டரைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். கரியமில வாயு நானூற்று அறுபது. மணி அடித்தது. கீழே பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடி வந்தார்கள்.

பன்னிரண்டு முப்பத்தெட்டு. அவள் முகத்தைத் திருப்பி இருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, புதிதாக ஒன்றை இழுத்து அடக்கிக்கொண்டாள். ஒரு நிமிடம் தாங்குவாள். பழக்கம்.

முதலில் வாடைதான் வந்தது. காய்ச்சல்காரர் போர்வையை விலக்கும்போது வருமே, அந்த வெதுவெதுப்பு வாடை. பிறகு மீட்டரைப் பிடித்திருந்த புறங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. பார்த்தாள். ஒன்றுமில்லை. காய்ந்திருந்த தொப்பி மூடி அவள் கண்ணெதிரே மங்கியது. ஆவி படிந்தது. எண்ணூறு. ஆயிரத்து முந்நூறு. இரண்டாயிரத்து நூறு. அப்புறம் ஆவி மெல்ல மெல்லக் குறைந்தது. எண் இறங்கியது. அவள் தலைமுடி குழாய்ப் பக்கமில்லாமல் எதிர்ப்பக்கம், மைதானத்தின் பக்கம் இழுபட்டது.

அவள் மூச்சு விடவில்லை. விட்டது அவள் இல்லை.

கைப்பிடிச் சுவரருகே போய்க் கீழே பார்த்தாள். இருநூறு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். குளிரில் ஓடுகிற பிள்ளைகள் வாயிலிருந்து புகைபோல ஆவி வரும். ஒரு வாயிலும் வரவில்லை. ஓரமாக நின்று விசில் ஊதுகிற டீச்சரின் வாயில் மட்டும் வந்தது. மகள் நடு மைதானத்தில் நின்றிருந்தாள். ஓடவில்லை. முகத்தை மாடியை நோக்கி நிமிர்த்தியிருந்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். மீட்டரில் எண் ஏறியபோது மகளின் தோள் தாழ்ந்தது. எண் இறங்கியபோது தோள் உயர்ந்தது.

ஏறியது. தாழ்ந்தது.

இறங்கியது. உயர்ந்தது.

படியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வயிற்றுவலி என்று டீச்சரிடம் எதையோ உளறி மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூடுபனிச் சளிக்காரர்கள் வரிசை வாசல் தாண்டி நின்றது. மூன்று மணிநேரம் காத்திருந்த பிறகு, நர்ஸ் மகளின் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் தொண்ணூற்றி ஒன்பது என்று காட்டியது. பிள்ளை நம்மைவிட நல்லா இருக்காம்மா என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள். நெஞ்சில் வைத்துப் பாருங்கள் என்று இவள் கெஞ்சினாள். வைத்துப் பார்த்த சின்ன டாக்டர் காதிலிருந்து குழாயைக் கழற்றித் தட்டிப் பார்த்துவிட்டு, ரிப்பேர் போல, நாளைக்கு வாங்க என்றார்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எல்லா ஜன்னலையும் சாத்தித் தாழ்போட்டாள். எட்டு வருஷமாகக் குளிர்காலத்தில் இந்த வீட்டு ஜன்னலை அவள் ஒரு நாளும் திறந்ததில்லை. விளிம்புகளில்கூட டேப் ஒட்டியிருந்தது. மகளை மடியில் உட்கார வைத்து, கைமீட்டரை அவள் வாய்க்கு நேரே பிடித்தாள். அறைக் காற்று அறுநூற்றி இருபது. மகள் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் யார் பென்சிலை யார் யார் ஒளித்துவைத்தார்கள் என்று நிறுத்தாமல் பேசினாள். அறுநூற்றி இருபது. இவள் தன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். தொள்ளாயிரம். மறுபடி மகள் பக்கம். அறுநூற்றி இருபது.

"கண்ணாடியில படம் போடலாமா?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கண்ணாடியில் ஊதி, ஆவியில் விரலால் பூனை வரைவது அம்மாவும் மகளும் குளிர்காலத்தில் விளையாடுகிற விளையாட்டு.

மகள் கன்னம் உப்ப ஊதினாள். கண்ணாடி கறுப்பாகவே இருந்தது. இவள் ஊதினாள். தட்டளவு வெள்ளை படிந்தது. மகள் இன்னொரு தடவை உதட்டைக் குவித்தாள். இந்த முறை படிந்தது. அவள் முகத்தளவு. அதைவிடப் பெரிதாக. ஜன்னல் முழுக்க.

சந்தோஷத்தில் இவள் கையை நீட்டி அதைத் துடைத்தாள். விரல் காய்ந்திருந்தது. வெள்ளை அழியவில்லை. ஆவி கண்ணாடிக்கு வெளியே இருந்தது.

அது சுருங்கியது. மகளின் தோள் உயர்ந்தது. அது பரவியது. தோள் தாழ்ந்தது.

"பயப்படாதம்மா," என்றாள் மகள். "எனக்கு வலிச்சுச்சுல்ல, அதான் அது எனக்குப் பதிலா விடுது. எல்லாருக்கும் விடுது."

அப்போதுதான் கேட்டது. மலைப் பக்கமிருந்து, பதினொரு நாளாகக் கேட்காத ஒரு சத்தம். தகரக்கூரை எங்கோ படபடத்தது. கம்பி ஒன்று ஊளையிட்டது. காற்று. காலையிலிருந்து அவள் வேண்டிக்கொண்டிருந்த காற்று. தெருவிளக்கைச் சுற்றியிருந்த வெளுப்பு நகர ஆரம்பித்தது, கடலை நோக்கி, முதலில் மெதுவாக.

கண்ணாடியில் இருந்த ஆவியும் நகர்ந்தது. ஓரமாக. மகளின் வாய் அதோடு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. கன்னம் சட்டத்தில் இடித்தது. அதற்குமேல் கண்ணாடி இல்லை. ஆவி ஒரு கீற்றாக மெலிந்தது. மகளின் தோள் உயரவில்லை.

இவள் மகளின் முதுகில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. விசில் இல்லை. மூச்சு இல்லை. அலமாரிக்கு ஓடினாள். பஃப் மருந்தை வாயில் வைத்து அழுத்தினாள். மருந்து உள்ளே போகவில்லை, உதட்டோரம் வழிந்து வெளியேறியது. உதடு நீலம் பூத்தது. மகள் கண்ணை அகல விழித்து அம்மாவைப் பார்த்தாள். கையைத் தூக்கித் தாழ்ப்பாளைத் தொட்டாள். திருப்பத் தெம்பு இல்லை.

இவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. திறந்தால் எதன் கையில் கொடுக்கிறோம் என்பதும் தெரிந்திருந்தது. ஆனால் அந்த உதடு.

டேப்பைக் கிழித்தாள். தாழ்ப்பாளைத் திருகினாள். எட்டுக் குளிர்காலமாகத் திறக்காத ஜன்னலைத் திறந்தாள்.

மகள் பாதி உடம்பை வெளியே நீட்டி, கழுத்தைக் கடல் பக்கம் வளைத்து, வாயைத் திறந்தாள். தோள் உயர்ந்தது. தாழ்ந்தது. இவள் அவள் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். காற்று பலமாக வீச வீச, பிள்ளை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வெளியே இழுபட்டாள். இவள் காலைச் சுவரில் முட்டுக்கொடுத்தாள்.

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. தங்கை. அழுதுகொண்டே தன் பையனின் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தாள். "அக்கா, இவன் கனமே இல்லாம போறான்க்கா," என்று கத்தினாள்.

அதற்குப் பக்கத்து ஜன்னல் திறந்தது. அதற்கு அடுத்தது. தெரு நெடுகக் கடல்வரைக்கும் ஒவ்வொரு வீடாக ஜன்னல்கள் திறந்துகொண்டே போயின. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் தலை. திறந்த வாய். பின்னால் பெரியவர்களின் கைகள், பிடித்துக்கொண்டு. காற்று இன்னும் ஏறியது. எல்லாத் தோள்களும் ஒன்றாக உயர்ந்தன.